பெயர் தெரியாத பச்சை

போன வாரம் அமுதா வந்து ஒரு வார்த்தை கேட்டாள். கையிலிருந்த காபி குடிக்காமலே ஆறிப்போனது.

அமுதா, என்னோடு ஒரே ஆபீசில் வேலை பார்த்த செல்வராசுவின் மகள். என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுவாள். விவசாயிகளின் செல்போனுக்குக் காலையில் ஒரு குரல் வருமே, "அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே" என்று தொடங்கி உரம், மருந்து, மழை என்று சொல்லிக்கொண்டே போகுமே, அதை எழுதிக் கொடுப்பதுதான் அவளுடைய வேலை.

"பெருமக்களேன்னதுமே கட் பண்ணிடுறாங்க பெரியப்பா. 'தழைச்சத்து மிகுதியால் பயிர் சாயும்'னு நாலு நாளா கத்துறேன். ஒருத்தரும் யூரியாவ நிறுத்தல. எங்க தாத்தா அதுக்கு ஒரு வார்த்த சொல்லுவாரு. கேட்டாலே பயமா இருக்கும். தொண்ட வரைக்கும் வருது, வாய்க்கு வரல."

"அப்பாகிட்ட கேட்டியா?"

"கேட்டேன். 'அதெல்லாம் கொச்சைம்மா, சாரைக் கேளு, சரியான சொல் சொல்லுவார்'னுட்டாரு."

கொச்சை. செல்வராசுவுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தவன் நான். சிவப்பு மையில், ஒரு தாளின் ஓரத்தில், அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். நாற்பத்தைந்து வருஷமாக அவர் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

உள்ளேயிருந்து என் மனைவி, "என்ன, காபில ஏதாவது குறையா?" என்றாள். "ஏதோ ஒன்று" என்றேன். அவள் பட்டுக்கோட்டைக்காரி. பேர் தெரியாத எல்லாவற்றையும் நான் 'ஏதோ ஒன்று' என்று சொல்லித் தப்பித்துக்கொள்வதாகக் கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு ஒரு புகார் உண்டு. புகார் நியாயமானதுதான்.

அமுதா கேட்ட வார்த்தை எனக்குத் தெரியும். பீரோவின் அடித்தட்டில், பழைய பாஸ்புக்குகளுக்குக் கீழே, ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அவள் போன பிறகு எடுத்துப் பார்த்தேன். பி.எச்.சி. பூச்சிமருந்துப் பவுடர் வாடை வந்தது. இத்தனை வருஷம் வாடை நிற்குமா என்று கேட்காதீர்கள். எனக்கு வந்தது.

எங்கள் ஆபீஸ் ஒரத்தநாட்டுப் பக்கம், உர டெப்போவின் பின்புறத்தில் இருந்தது. பூச்சிமருந்து மூட்டைகளுக்கும் எங்கள் மேஜைகளுக்கும் நடுவில் ஒரு தட்டி மட்டும்தான். சட்டை, சாப்பாட்டு டப்பா, ஊருக்கு எழுதும் கடிதம் எல்லாவற்றிலும் பி.எச்.சி. வாடை வீசும். அங்கேதான் நான் வேளாண்மை அலுவலராகச் சேர்ந்தேன். செல்வராசு எனக்குக் கீழே, கிராமங்களுக்குப் போய்வரும் பணியில் இருந்தார். இருவருக்கும் ஒரே வயது. நான் பட்டதாரி, அவர் பயிற்சி மட்டும் முடித்தவர். நான் தஞ்சாவூர் டவுன். அவர் கல்லணைக் கால்வாய்க்கு அந்தப் பக்கத்து ஊர். அவருடைய அப்பா மாரிமுத்து அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். அந்தக் குடும்பத்தில் சம்பளக் கவர் வாங்கிய முதல் ஆள் செல்வராசு.

என் அப்பா தமிழாசிரியர். வீட்டில் 'வந்துட்டேன்' என்று சொல்ல முடியாது, 'வந்துவிட்டேன்' என்று திருத்துவார். எங்களுக்குப் பசித்தால்கூட இலக்கணத்தோடுதான் பசிக்க வேண்டும். அவர் எனக்கு விட்டுப்போன சொத்து அந்தத் தமிழ் ஒன்றுதான். வேறு எதில் யார் என்னை மிஞ்சினாலும் தாங்கிக்கொள்வேன். சொல்லில் மிஞ்சக்கூடாது. அப்படி ஒரு கர்வத்தோடு நான் வயலில் இறங்கினேன்.

முதல் மாதமே அடி விழுந்தது. ஒரு சம்பா வயலைப் பார்த்து, "மிகச் சிறப்பான வளர்ச்சி" என்று வயல்காரரிடம் சொன்னேன். கரும்பச்சை, தளதளவென்று, கண்ணுக்குக் குளிர்ச்சி. வயல்காரர் என்னை விட்டுவிட்டு செல்வராசுவைப் பார்த்தார்.

"மதமதன்னு நிக்குதுண்ணே" என்றார் செல்வராசு. "ஒரு மழ தாங்காது. யூரியாவ அந்தாண்ட தூக்கி வைங்க."

வயல்காரரின் முகம் மாறியது. ஏதோ வியாதியின் பெயரைக் கேட்டதுபோல வயலைத் திரும்பப் பார்த்தார். நானும் பார்த்தேன். அதே வயல்தான். ஆனால் இப்போது அந்தப் பச்சையில் ஒரு திமிர் தெரிந்தது. தின்று கொழுத்து, நிற்கக் கால் வலுவில்லாமல், காற்றுக்குக் காத்திருக்கும் பச்சை. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அது அங்கே இருந்ததா, அல்லது அந்தச் சொல் வந்து காட்டியதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வயல்காரர் யூரியாவை நிறுத்தினார். பக்கத்து வயல்காரர் நிறுத்தவில்லை. ஐப்பசி மழையில் பக்கத்து வயல் பாய் விரித்தது போலப் படுத்துவிட்டது.

இன்னொரு நாள் இன்னொரு வயல். எனக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. "பயிர் ஏங்குது சார்" என்றார் செல்வராசு. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு மெல்லத் தெரிந்தது. இலைநுனி ஒரு மயிரிழை சுருண்டிருந்தது. நிறம் போகவில்லை, ஆனால் நிறத்திலிருந்து மனசு போயிருந்தது. பாடப் புத்தகத்தில் அதற்கு அடுத்த கட்டத்துக்குப் பெயர் உண்டு, வாடல் என்று. வாடுவதற்கு முன்னால் இப்படி ஒரு நிலை இருப்பது புத்தகத்துக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மறுநாள் காலை என் அறையில் ஷேவிங் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து, நானும் ஊரை விட்டு வந்து ஏங்கிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று தெரிந்துகொண்டேன். அதுவரை மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருந்தேன்.

விவசாயிகள் அவரைத் 'தம்பி' என்பார்கள், என்னை 'ஐயா' என்பார்கள். ஐயாவுக்கு நாற்காலி வரும். யாராவது ஓடிப்போய் எங்கிருந்தோ தூக்கிவந்து, துண்டால் தட்டிப் போடுவார்கள். தம்பிக்கு வராது. அவர் வரப்பில் அவர்களோடு குந்திவிடுவார். நான் நாற்காலியில், அவர்கள் தலைகளுக்கு மேலே, தனியாக உட்கார்ந்திருப்பேன். கீழே பேச்சு நடக்கும். சிரிப்பு வரும். என்னைக் கேட்காமல் உரம் முடிவாகும், தண்ணீர் முடிவாகும். "ஐயா என்ன சொல்றாங்க?" என்று கடைசியில் மரியாதைக்குக் கேட்பார்கள்.

அப்போதுதான் நோட்டுப் போட்டேன். அவர் சொல்லும் வார்த்தைகளை அறைக்கு வந்து எழுதி வைப்பேன். பச்சை திரும்புதல்: நட்ட பயிர் வேர்பிடித்து நிறம் பெறுதல். செங்காய்: மணி பாதி முற்றிய நிலை. மதமதப்பு: தழைச்சத்து மிகுந்த வளர்ச்சி. பக்கத்துக்கு ஐந்தாறு வீதம், அகராதி போல. திருட்டுத்தான். ஒருநாள் தைரியமாக ஒரு கிராமத்தில், செல்வராசு வராத நாளாகப் பார்த்து, "பயிர் ஏங்குகிறதே" என்று எடுத்துவிட்டேன்.

அந்தப் பெரியவர் வயலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இல்லீங்கய்யா. நேத்துதான் தண்ணி கட்டுனேன். நல்லாத்தான் நிக்குது" என்றார். பக்கத்திலிருந்தவர், "ஐயா வெயில்ல வந்தது, அவங்களுக்குத்தான் ஏக்கமா இருக்கும். மோர் குடுய்யா" என்றார். குடித்தேன். சொல் என் நோட்டில் இருந்தது. கண் செல்வராசுவிடம் இருந்தது.

அழுக்காறு என்ற சொல்லுக்குப் பள்ளிக்கூடத்தில் பொருள் எழுதி முழு மார்க் வாங்கியவன் நான். அதைப் பற்றிப் பேச்சுப் போட்டியில் பேசிப் பரிசும் வாங்கியிருக்கிறேன். அது என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. வயிற்றெரிச்சல் என்று எங்கள் வீட்டில் யாராவது பேசியிருந்தால் ஒருவேளை தெரிந்திருக்கும், ஏனென்றால் நிஜமாகவே வயிறு எரிந்தது. ஆனால் அன்று என் மனசுக்கு நான் வைத்த பெயர் வேறு. 'தரம்' என்று வைத்தேன். அரசாங்க ஊழியரின் பேச்சுக்கு ஒரு தரம் வேண்டும். சும்மா ஒரு பெயர்தான் என்று நினைக்காதீர்கள். பொறாமை என்று பெயர் சொல்லியிருந்தால் என் கை கூசியிருக்கும். தரம் என்று சொன்னதால் கை ஓடியது.

அந்த ஐப்பசியில் வானொலியில் சம்பாப் பயிரைப் பற்றிப் பேச எங்கள் ஆபீசிலிருந்து ஒருவரைக் கேட்டார்கள். நான் பேசுவதாக மனசுக்குள் முடிவாகியே இருந்தது. முதல் வாக்கியம்கூடத் தயார். மேலதிகாரி, "செல்வராசு பேசட்டும். அவர் சொன்னா கேக்கிறாங்களாம்" என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். "எழுதினதை நீங்க ஒரு பார்வை பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க" என்றும் சொன்னார். அரசாங்க ஊழியர் வானொலியில் பேசுவதானால் வரிக்கு வரி எழுதி, ஆபீஸ் ஒப்புதல் வாங்கி, எழுதியதை மட்டும் படிக்க வேண்டும் என்பது அந்தக் கால ஏற்பாடு.

எட்டுப் பக்கம் கொண்டுவந்து வைத்தார் செல்வராசு. இப்போது நினைத்தாலும் சொல்கிறேன், அப்படி ஒரு எட்டுப் பக்கத்தை நான் படித்ததில்லை. "பயிரை வாரத்துல ஒரு நாளாவது பேசாம நின்னு பாருங்க" என்று ஆரம்பித்திருந்தார். பச்சைகளைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம். படித்து முடிக்கும்போது என் வயிறு எரிந்தது. சிவப்பு மையை எடுத்தேன். 'மதமதன்னு' என்பதை அடித்து 'மிகை வளர்ச்சி' என்று எழுதினேன். 'ஏங்குது' என்பதை அடித்து 'ஈரப்பதக் குறைவின் தொடக்க நிலை' என்று எழுதினேன். முதல் வாக்கியத்தையே எடுத்துவிட்டு 'அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே' என்று போட்டேன். ஓரத்தில் எழுதினேன்: கொச்சையைத் தவிர்க்கவும்.

செல்வராசு எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அடிக்கும், "சரிங்க சார்" என்றார்.

ஒலிபரப்பான மாலை நான் அவருடைய ஊருக்குப் போனேன். ஏன் போனேன் என்பதை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். டீக்கடையில் நல்ல கூட்டம். எனக்கு பெஞ்சில் இடம் ஒழித்துக் கொடுத்தார்கள். மாரிமுத்து வெளியே, வாய்க்கால் மதகின் மேல் குந்தியிருந்தார். அவர் கடைக்குள் வந்து உட்காரமாட்டார். அந்தக் காலத்தில் யாரும் சொல்லாமலே அது அப்படித்தான். நானும் கூப்பிடவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும். சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். மகன் பேசுவதைக் கேட்கப் போட்ட சட்டை.

பேச்சு ஆரம்பித்தது. கடைக்காரர் சத்தத்தைக் கூட்டினார். அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே. மிகை வளர்ச்சி. தொடக்க நிலை. குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை, நன்றாகப் பழகிப் படித்திருந்தார். இரண்டு நிமிஷத்தில் கடைக்குள் அவரவர் பேச்சை ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் பீடிக்கு நெருப்புக் கேட்டார்.

"யாரு பேசுறா?" என்றார் மதகிலிருந்து மாரிமுத்து.

"ஒம் மவன்தான்யா."

"இல்லல்ல. இவரு யாரோ ஆபீசரு. அவன் இதுக்குப் பின்னாடி பேசுவான்."

பேச்சு முடிந்தது. பாட்டுப் போட்டார்கள். அடுத்த நிகழ்ச்சி வந்தது. செய்தி வந்தது. கூட்டம் கலைந்தது. மாரிமுத்து எழுந்திருக்கவில்லை. "வரலியே" என்றார் யாரிடமோ.

நான் வெளியே வந்து, "பேசியாயிற்று. உங்கள் பையன்தான் பேசினார், முதலில் வந்தது" என்றேன்.

"அப்படிங்களாய்யா" என்று சட்டெனக் கீழே இறங்கி நின்றார். வாய்க்காலைப் பார்த்தபடி சொன்னார். "அம்புட்டுப் பெரிய பேச்சு பேசுறான். இனிமே வூட்டுக்கு வந்தான்னா, அவங்கிட்ட நான் என்னன்னுங்கய்யா பேசுறது?"

சைக்கிளில் திரும்பும்போது எனக்கு வயிறு எரியவில்லை. அதுதான் நான் வெட்கப்படும் இடம். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் செல்வராசு திருவையாற்று அசோகா அல்வாவை வாழையிலையில் கட்டி என் மேஜையில் வைத்தார். "நீங்க திருத்தாட்டி மானம் போயிருக்கும் சார்." நான் அதைத் தின்றேன். நெய் விரல்களோடு, "பரவாயில்லை" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் எழுதிய எல்லாவற்றையும் என்னிடம் கொண்டுவந்தார். சில மாதங்களில் கொண்டுவருவது குறைந்தது. திருத்த ஒன்றும் இருக்கவில்லை. எழுத்தில் வந்தது பேச்சுக்கும் வந்தது. வரப்பில் நின்று "ஈரப்பதக் குறைவு காணப்படுகிறது" என்று சொல்ல ஆரம்பித்தார். முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பதை விட்டார்கள். ஒரு கிராமத்தில், ஒரு தைமாதக் காலையில், எனக்கு நாற்காலி போட்டவர் திரும்பிப்போய் இன்னொன்று எடுத்துவந்தார். துண்டால் தட்டி, "உக்காருங்கய்யா" என்று செல்வராசுவுக்குப் போட்டார். செல்வராசு உட்கார்ந்தார். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை எந்தப் பெயரிலும் சொல்ல மனசு வரவில்லை.

அவர் உயர்ந்தார். பரீட்சை எழுதினார், பதவி உயர்வு வாங்கினார், பட்டுக்கோட்டை போனார், என்னைவிட ஒரு படி மேலே போய் ஓய்வு பெற்றார். பிரிவு உபசார விழாவில் மைக்கைப் பிடித்து, "இந்த நாவைத் திருத்தியவர் இவர்" என்று என்னைக் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் சேர்ந்து தட்டினேன்.

நேற்று அமுதா காரில் என்னை ஏற்றிக்கொண்டு ஒரத்தநாட்டுக்கு அப்பால் அவர் வீட்டுக்குப் போனாள். நோட்டை மடியில் வைத்திருந்தேன். வாசலில், இஸ்திரி போட்ட சட்டையில் நின்றிருந்தார். "வாங்க சார். தங்கள் உடல்நலம் எப்படி உள்ளது?" அமுதா சிரித்தாள். "அப்பா, அவரு நம்ம பெரியப்பா. கலெக்டர் இல்ல."

உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். எட்டுப் பக்கம், சிவப்பு மை, டீக்கடை, மாரிமுத்துவின் சட்டை, அசோகா, எல்லாம். "அது தரமில்லை செல்வராசு. பொறாமை" என்றேன். அந்தச் சொல்லை என்னைப் பற்றி வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சின்னச் சொல். சொல்ல இத்தனை வருஷம் ஆகியிருக்க வேண்டாம்.

அமுதா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வராசு அந்தப் பழைய குரலில் சொன்னார்:

"எங்கப்பா சாகுற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு சார், 'ரேடியோவுல ஒன் பேச்ச எப்பப் போடுவாங்க'ன்னு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆனா பொறாமைன்னு நீங்க எடுத்துக்கிட்டா, எனக்கு இருந்ததுக்கு என்ன பேர் வைக்கிறது? நீங்க நாற்காலில உக்காந்து 'ஆகவே'ன்னு ஆரம்பிச்சீங்கன்னா நான் ராத்திரி படுத்துக்கிட்டு அதயே சொல்லிப் பாப்பேன். ஆகவே, ஆகவேன்னு. அந்த வாயி எனக்கு வேணும்னு இருந்துச்சு. நீங்க அடிக்க அடிக்க, இன்னும் அடிக்க மாட்டாரான்னு நின்னேன். எங்கப்பன் மாதிரி பேசுறவனுக்கு யாரு சேர் போடுவா?"

அமுதா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். நாங்கள் இருவரும் குடித்தோம்.

"அந்த வார்த்த என்ன பெரியப்பா, இப்பவாவது சொல்லுங்க" என்றாள். நான் செல்வராசுவைப் பார்த்தேன். அவருடைய வார்த்தை, அவர் சொல்லட்டும் என்று இருந்தது. அவர் எழுந்து, "வயலைப் பாத்தா வந்துரும்" என்றார்.

வீட்டுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் அவருடைய வயல். கார்த்திகை வெயில். நடு வயலில் இரண்டு பேர் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். பயிர் கரும்பச்சையாக, காற்றில் மெத்தென்று அசைந்துகொண்டிருந்தது. நான் பார்த்தேன். எனக்கு அழகாக இருந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். செல்வராசுவின் முகத்தையும் பார்த்தேன். கண்ணைச் சுருக்கி, உதட்டைக் குவித்து, எதையோ தொட்டுவிடப் போகிறவர் போல நின்றார்.

"என்ன பச்சை இது?" என்றேன்.

"நல்ல... ஆரோக்கியமான வளர்ச்சி" என்றார். சொன்னதும் அவருக்கே கேட்டுவிட்டது.

களை பறித்தவர்களில் ஒரு பெண் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முப்பது வயசு இருக்கும். "எங்கங்கய்யா ஆரோக்கியம்? மதமதன்னுல நிக்குது. போன தடவயே சொன்னேன், யூரியாவப் போடாதீங்கன்னு. ஒரு மழ வரட்டும், நாங்க கதுர எடுக்கிறதா சேத்தப் பெசையிறதா?"

"அதான், அதான்" என்று கத்திக்கொண்டே அமுதா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி வரப்பில் ஓடினாள். அந்தப் பெண் முதலில் கூச்சப்பட்டாள். பிறகு இரண்டு பேரும் வயலுக்குள் குனிந்துகொண்டார்கள். அவள் ஒரு தூரை விலக்கிக் காட்டி ஏதோ சொல்ல, அமுதா ஏதோ கேட்க, சிரிப்புச் சத்தம் வந்தது.

செல்வராசு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். என் மெஸ் அறைக் கண்ணாடியில் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதன் பெயரும் இப்போது எனக்குத் தெரியும். எனக்கும் அதே எரிச்சல், அதே வயிற்றில். நோட்டு கையிலேயே இருந்தது. அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. வயலைப் பேசாமல் நின்று பார்க்கச் சொன்ன அந்த எட்டுப் பக்கம் எங்கேயும் இல்லை. என் சிவப்பு மையில் முழுகியதோடு சரி.

வெயில் ஏறியது. அந்தப் பெண் நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். கூட இருந்தவளிடம் திரும்பி, "ஐயாமாரு ரெண்டு பேரும் நிக்கிறாங்க பாரு. வூட்டுல போயி ரெண்டு சேர் எடுத்தாந்து போடு" என்றாள்.